பொழுது சாய்ந்தால் வெளியாள்

குரும்பகரத்து அல்லியை அவளுடைய தெருவில் யாரும் அல்லி என்று கூப்பிட்டதில்லை. வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் மாங்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால், வந்த அன்றே 'மாங்குடியா' ஆகிவிட்டாள். தெருவில் எல்லா மருமகள்களுக்கும் அப்படித்தான். ஆக்கூரா, பேரளத்தா, பொறையாரா. பெற்றவர்கள் வைத்த பெயர் பிறந்த ஊரிலேயே தங்கிவிடும். பிறந்த ஊரின் பெயர் மட்டும் கூடவே வரும். பெயர் தெரியாமல் இல்லை. கூப்பிடும் வழக்கமில்லை.

கல்யாணத்தன்று அவள் ஒரு சாம்ராஜ்யத்தை விட்டு இன்னொரு சாம்ராஜ்யத்துக்குள் நடந்து வந்தாள். மாங்குடி அப்போது இங்கிலீஷ்காரனுடையது, காரைக்காலைச் சேர்ந்த குரும்பகரம் பிரெஞ்சுக்காரனுடையது. அவள் கவனித்தது பாலத்தில் ஒரு மூங்கில் உடைந்திருந்ததைத்தான். அதே முகூர்த்தத்தில் அவளுடைய அண்ணன் கலியபெருமாள், மாப்பிள்ளை பஞ்சநாதனின் தங்கை காத்தாயியைக் கட்டிக்கொண்டான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஆகவே அல்லிக்குக் காத்தாயி அண்ணன் பெண்டாட்டி. காத்தாயிக்கும் அல்லி அண்ணன் பெண்டாட்டி. இருவரும் ஒருவரையொருவர் 'அண்ணி' என்றே அழைத்தார்கள். இருவரும் சரி. மாங்குடியில் காத்தாயிக்குப் பெயர் 'குரும்பகரத்தா' என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அல்லிக்குக் கை வேகம். அதைவிட வாய் வேகம். சில வருஷங்களில் மிராசுதார் தெட்சிணாமூர்த்தி பிள்ளையின் வயல்களுக்கு நடவு ஆள் சேர்க்கும் பொறுப்பு அவளிடம் வந்து சேர்ந்தது. ஆட்களில் பாதி அவள் தெருவின் மருமகள்கள். மறு பாதி அதே தெருவில் பிறந்து அக்கரைக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள். காத்தாயி அவர்களுக்கு முன்னால் நிற்பாள். நடவுக் காலத்தில் அவர்கள் காலையில் பாலம் ஏறி வந்து சாயங்காலம் பாலம் ஏறிப் போனார்கள். பிரெஞ்சு சர்க்கார் அவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நெல் முளைக்க வேண்டும், அதற்கு யாராவது குனிய வேண்டும். குனிகிறவர்கள் எந்த ராஜாவின் பிரஜை என்பது முதுகில் எழுதியிருக்கவில்லை.

இங்கிலீஷ்காரன் போனபின் வாய்க்காலுக்குத் திடீரென்று அந்தஸ்து கூடியது. நாற்பத்தொன்பதில் சுங்கக்காரர்கள் வந்து, நடவுப் பெண்களை மடியை உதறிக் காட்டச் சொன்னார்கள். வெற்றிலைக் காம்பு விழுந்தது. பிறகு பெர்மிட் வந்தது. பிரெஞ்சுக்காரன் தானாகப் போகாவிட்டால் மூச்சு முட்டவைப்பது என்று இந்தியா முடிவு செய்தது; அதற்காகத் தன் ஜனங்களை அந்தப் பக்கம் போகாதே என்றது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மடியில் இந்தியக் கொடியைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று பிரெஞ்சுக்காரன் பயந்தான். இரண்டு சர்க்கார்களும் வேறெதிலும் ஒத்துப்போகவில்லை. தூக்கில் பழைய சோறு கொண்டுபோகும் பெண்ணைச் சந்தேகப்படுவதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அக்கரையில் பண்ணையாட்களைக் காப்பாற்றச் சட்டம் வந்திருந்தது. ஆனால் மாங்குடிப் பெண்களுக்கு வேலை இருந்தது சட்டம் இல்லாத இக்கரையில்.

ஐம்பத்து நாலாம் வருஷம் புரட்டாசியில், சம்பா நடவு தொடங்கிய வாரம், மேரியிலிருந்து ஒரு குமாஸ்தா சைக்கிளில் வந்தார். மேரி என்றால் கொம்யூன் எனும் பிரெஞ்சு உள்ளாட்சியின் அலுவலகம். குமாஸ்தாவின் பெயர் அற்புதராஜ். காரைக்கால் டவுனில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், எல்லாருக்கும் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா. வயலில் வேலை செய்யும் வெளியாட்கள் யார், உள்ளூர் ஆட்கள் யார் என்று பிரித்து எழுத வந்திருந்தார். சப்பாத்தில் சேறு படாமல் வரப்பில் நின்றுகொண்டு, பக்கத்தில் நின்ற மிராசுதாரின் காரியஸ்தரைக் கேட்டார்.

"முதல்ல நிக்கிற அம்மா?"

"மாங்குடியாங்க."

"மாங்குடி அந்தப் பக்கம்தானே?"

"ஆமாங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட."

"அடுத்தது?"

"ஆக்கூரா. அதுக்குப் பக்கத்துல பேரளத்தா."

"எல்லாமே அந்தப் பக்கம். சரி, அது?"

"அது காத்தாயிங்க. நம்மூருப் பொண்ணு. இந்தாண்ட இருக்கிறது செல்லம், அதுவும் இங்கயே பொறந்ததுதான்."

"உள்ளூர்," என்று எழுதிக்கொண்டார் அற்புதராஜ்.

கேட்ட கேள்விகளில் பிழையில்லை. பதில்களில் பொய்யில்லை. ஆனால் புத்தகத்தில் குரும்பகரத்து மருமகள்கள் எல்லாரும் வெளிநாட்டார் ஆனார்கள். மாங்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள் எல்லாரும் பிரெஞ்சுப் பிரஜைகள் ஆனார்கள். டவுனில் பெண்களுக்குத் தெரேஸ் என்பதுபோல் பெயர் இருக்கும், அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். முசே டவுன்காரர். மிராசுதார் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். நடவுப் பெண்கள் குனிந்திருந்தார்கள்.

அதே வாரம் அக்கரையில் போலீஸ் முகாமின் ஏட்டு, மாங்குடியில் குடியிருக்கும் பிரெஞ்சு ஆட்கள் யார் என்று தலையாரியைக் கேட்டு எழுதினார். தலையாரி, "குரும்பகரத்தா ஒருத்தி, கலியபெருமாள் வூட்ல" என்று தொடங்கி வரிசையாகச் சொன்னார். ஏட்டு சேலத்துப் பக்கத்து மனிதர். அவருடைய வீட்டில் அவர் மனைவியை 'ஓமலூரா' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் தெரிந்ததைச் சீருடையோடு எடுத்துவருகிற வழக்கம் அவருக்கு இல்லை.

பிறகு இரண்டு கரையிலும் தமுக்கு அடித்தார்கள். இக்கரை உத்தரவு: எழுதப்பட்ட வெளியாட்கள் பகலில் வேலை செய்யலாம், பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் இருக்கக் கூடாது, இந்தப் பருவத்தில் புதிதாக ஒரு வெளியாளைச் சேர்ப்பதற்கில்லை. அக்கரை உத்தரவு: இந்திய ஆட்கள் பெர்மிட் இல்லாமல் பிரெஞ்சு எல்லைக்குள் போகக் கூடாது, பிரெஞ்சு ஆட்கள் போகலாம் வரலாம், பொழுது சாய்ந்தபின் இந்திய மண்ணில் தங்கக் கூடாது.

முதலில் பெண்கள் சிரித்தார்கள். பாலத்துக்கு இக்கரையில் சிப்பாய் ஹமீது வந்து நின்றபின் சிரிப்பு நின்றது. ஹமீது பெரியபட்டினத்துக்காரர், நல்ல மனிதர். "எழுதினது யாரோ, எண்ணறது நானு," என்றார்.

தெட்சிணாமூர்த்தி பிள்ளைக்கு விஷயம் புரிய ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆயிற்று. பிழையைத் திருத்தினால் காத்தாயியும் அவள் கூட்டமும் உண்மையான வெளியாட்கள் ஆவார்கள். இந்தப் பருவத்தில் உள்ளே வர முடியாது. நடவு பாதியில் நிற்கும். பிழை அப்படியே இருந்தால் இரண்டு பாதியும் வயலில் இறங்கும்.

"நடவு முடியற மட்டும் யாரும் வாயைத் தொறக்காதீங்க," என்றார். "ராத்திரி எங்க படுத்தா என்ன? தாய்வீட்ல போயிப் படுக்க கசக்குதா?"

அதுதான் வேடிக்கை. கல்யாணமான நாளிலிருந்து தாய்வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவர மாமியாரிடம் கெஞ்சிய பெண்களை, இப்போது இரண்டு சர்க்கார்கள் சேர்ந்து தினமும் தாய்வீட்டுக்கு அனுப்பின. தாய்வீடு தூரமாக இருந்தவர்கள் அல்லியோடு மாங்குடியிலேயே படுத்தார்கள். வேலை முடிந்ததும் அவரவர் தங்கள் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டிப் புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஆக்கி வைப்பார்கள். காலையில் திரும்பும் மருமகள்களுக்கு மேரி கொடுத்த வெளியாள் சீட்டையே ஏட்டு பெர்மிட்டாக ஏற்றுக்கொண்டார். பொழுது இறங்கும்போது இரண்டு கூட்டமும் பாலத்தில் எதிர்ப்படும்.

"என்னா அண்ணி, ஒங்க வூட்டுக்குக் கெளம்பிட்டீங்களா?" என்பாள் காத்தாயி.

"ஆமா அண்ணி. நீங்களும் ஒங்க வூட்டுக்குத்தான?"

"கொழம்பு வச்சிருக்கேன். ஒங்கண்ணன் உப்பு பத்தலன்னு சொல்லும், காதுல வாங்காதீங்க."

"ஒங்கண்ணன் வயித்து வலின்னு சோறு வேணாம்னு சொல்லும். நம்பாதீங்க. பானையைக் கவுத்து வச்சிட்டா தானா சரியாப்போயிடும்."

பஞ்சநாதன் மட்டும் ஹமீதிடம் போய் முறையிட்டான். "பாய், எம் பொண்டாட்டிய அனுப்பிட்டு என் தங்கச்சியக் கொண்டாந்து வுடுறீங்களே, இது எந்த ஊரு நாயம்?"

"ரெண்டு ஊரு நாயமும்," என்றார் ஹமீது.

இப்படியே போயிருந்தால் இது சொல்லிச் சிரிக்கும் கதையாகவே முடிந்திருக்கும். ஐப்பசி பிறந்ததும் அல்லியின் மகள் அமிர்தம் தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளைக் கொடுத்திருந்தது திருநள்ளாற்றில், எல்லைக்கு உள்ளேயே, அதனால் அவளை யாரும் கேட்கவில்லை. வந்த அன்று சாயங்காலம் அவள் அம்மா தலைவாரிக்கொண்டு வெளியே கிளம்பியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

"எங்கம்மா போற?"

"தூங்கறதுக்கு."

"அப்ப எனக்கு வலி எடுத்தா?"

"அத்தை இருக்கால்ல," என்றாள் அல்லி. காத்தாயி அமிர்தத்துக்கு அப்பாவின் தங்கை, மாமாவின் பெண்டாட்டி. இரண்டு வழியிலும் அத்தை. ஆனால் எந்த வழியிலும் அம்மா இல்லை. அமிர்தம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அல்லி மிராசுதாரிடம் போனாள். மகளின் பிரசவம் வரை தன்னை மட்டும் வீட்டில் இருக்கவிடச் சொல்லி மேரியில் பேச வேண்டும் என்றாள்.

"தெற்குப் பங்கு இன்னும் நடல," என்றார் அவர். "உன் பேச்சைக் கௌப்பினா மேரிக்காரன் எல்லாத்தையும் கௌப்புவான். நாத்து முத்திப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? புள்ளை பெறுறது ஒலகத்துல புதுசா?"

"எம் பொண்ணுக்குப் புதுசுங்க."

"போய் வேலையைப் பாரு, மாங்குடியா."

அவள் வேலையைப் பார்க்கவில்லை. நேரே மேரிக்கு நடந்தாள். அற்புதராஜ் அவளை நிற்கவைத்தே எல்லாவற்றையும் கேட்டார். பாதிக் கதையில் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அப்ப மாங்குடியாங்கிறது நீ இருக்கிற ஊர் இல்ல."

"இருக்கிற ஊரச் சொல்லி எதுக்குங்க கூப்புடணும்? அது எல்லாருக்கும் ஒண்ணுதான?"

அற்புதராஜ் புத்தகத்தைப் புரட்டி அவள் வரியில் விரலை வைத்தார். "திருத்தலாம்," என்றார். "ஆனா உன் ஒருத்தி வரியை மட்டும் தொட முடியாது. ஒண்ணு தப்புன்னா எல்லாத்தையும் மறுபடி விசாரிக்கணும். உன் நாத்தனா அன்னைக்கே அந்தப் பக்கம் போயிடணும், திரும்ப வர முடியாது. நடவு நிக்கும். மிராசுதார் உன்னைச் சும்மா விடுவாரா? அடுத்த மாசம் கொடியே மாறிடும்னு பேசிக்கிறாங்க. மாறினா நீ யாரு, நான் யாருன்னு எனக்கே தெரியாது. கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

"கொடி பொறுத்துக்கும் முசே. வயித்துல இருக்கிறது பொறுக்குமா?"

 ஆனாலும் அவள் திருத்தச் சொல்லாமலே திரும்பினாள். காத்தாயி வீட்டிலும் அடுப்பு எரிந்தது அந்த நடவை நம்பித்தான்.

வயிற்றில் இருந்தது ஒரு வாரம்தான் பொறுத்தது. தெற்குப் பங்கில் நடவு தொடங்கிய அன்று மத்தியானம், தெருவிலிருந்து ஆள் வந்து அமிர்தத்துக்கு வலி கண்டுவிட்டது என்றான். அல்லி கையிலிருந்த நாற்று முடியைக் காரியஸ்தரின் காலடியில் வைத்துவிட்டுக் கரையேறினாள். காத்தாயியும் கூடவே ஏறினாள். மருத்துவச்சி வந்து பார்த்து, விளக்கு வைக்கிற நேரம் ஆகும் என்றாள். சர்க்காரின் உத்தரவும் அதே நேரத்தைத்தான் சொன்னது.

வெயில் மஞ்சளானபோது ஹமீது வாசலில் வந்து கனைத்தார்.

"ஏம்மா, பொழுது எறங்குது."

"நான் போவல பாய்."

"போவாட்டி நான் எழுதணும்மா."

"எழுதறவரையே கூட்டியாங்க. இப்பவே கூட்டியாங்க."

அற்புதராஜ் சைக்கிளில் வந்து சேர்ந்தார். உள்ளேயிருந்து அமிர்தத்தின் குரல் கேட்டது. அல்லி வாசற்படியை விட்டு இறங்காமல் பேசினாள்.

"எல்லாத்தையும் சரியா எழுதுங்க முசே. நான் இந்த வூட்டுக்காரி."

"யோசிச்சுத்தான் சொல்றியா? நாளைக்கு அக்கரை ஆளுங்க ஒருத்தரும் வர முடியாது."

அல்லி காத்தாயியைப் பார்த்தாள். வேலை போவது அவளுக்கும் அவள் கூட்டத்துக்கும்.

"என்னா பாக்குறீங்க அண்ணி?" என்றாள் காத்தாயி. பிறகு அற்புதராஜிடம் திரும்பினாள். "எழுதுங்க. நான் மாங்குடியில வாக்கப்பட்டவ. அக்கரைக்காரி."

அவர் நின்றபடியே எழுதினார். ஹமீது தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப இந்தம்மா இப்பக் கெளம்பணும்," என்றார்.

"தெரியும் பாய். பெத்தவ உள்ள இருக்கணும். கையில வாங்கற அத்தை அக்கரையில நின்னா என்ன?" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

பாலத்தின் மறுமுனையில் ஏட்டு அவளை நிறுத்தினார்.

"நீ குரும்பகரத்தா. இந்நேரத்துக்கு இங்க என்ன வேலை?"

"நான் இப்ப இந்தக் கரைக்காரிங்க. இப்பத்தான் மாத்தி எழுதினாங்க."

"அது அவங்க புத்தகம். எம் புத்தகத்துல நீ பிரெஞ்சு."

திருத்தியது ஒரு புத்தகம்தான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. இக்கரை அவளை இந்தியக்காரி என்று வெளியே அனுப்பிவிட்டது. அக்கரை அவளைப் பிரெஞ்சுக்காரி என்று உள்ளே விடவில்லை. காத்தாயி பாலத்தின் நடுவில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். அந்த இடம் மட்டும் யாருடைய புத்தகத்திலும் இல்லை. கலியபெருமாள் அக்கரையில் கரைமேல் வந்து நின்றான்.

"ஏங்க, ஒங்க வூட்டம்மாவ ஒங்கூர்ல எப்படிக் கூப்புடுவாங்க?" என்று ஏட்டைக் கேட்டான்.

"ஓமலூரான்னு. அதுக்கென்ன?"

"அவங்க இன்னும் ஓமலூர்லதான் இருக்காங்களா?"

ஏட்டு புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அந்த நேரத்தில் இக்கரையிலிருந்து ஹமீது பாலத்தின் பாதிவரை ஏறி வந்தார்.

"பொட்டப்புள்ளம்மா. ரெண்டும் சொகம்."

"பாட்டி பக்கத்துல இருந்தாளா?" என்றாள் காத்தாயி.

"எங்கயும் நவுரல."

காத்தாயி எழுந்தாள். ஏட்டு புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலதிகாரி உத்தரவில்லாமல் தன்னால் ஒரு வரியும் மாற்ற முடியாது என்று திட்டவட்டமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, டீ ஆறிவிடும் என்று முகாமுக்குள் போனார். அவர் போனபின் அவள் தன் புருஷனோடு தன் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் தெற்குப் பங்கில் பாதி ஆட்கள்தான் இறங்கினார்கள். நாற்றங்காலில் நாற்று மஞ்சளாகிக் கணு விட்டது. நவம்பர் ஒன்றாம் தேதி கொடி மாறியது. ஹமீதும் ஏட்டும் பாலத்தை விட்டுப் போனார்கள். அற்புதராஜ் அதே நாற்காலியில் இருந்தார். காத்தாயியின் கூட்டம் திரும்பி வந்து மிச்சத்தை நட்டது. முற்றிய நாற்று தூர் கட்டவில்லை. தையில் தெற்குப் பங்கு வழுக்கைத் தலைபோல் நின்றது. மிராசுதார் அதை வரப்பில் நின்று பார்த்தார், அல்லியைப் பார்க்கவில்லை.

அடுத்த புரட்டாசிக்கு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து மிராசுதார் வரவழைத்த நடவு ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். எல்லை இருந்தவரை மாங்குடியே தூரமாக இருந்தது. எல்லை போனதும் மன்னார்குடி பக்கத்தில் வந்துவிட்டது. அல்லியை ஊரை விட்டுப் போகச் சொல்ல இப்போது எந்தச் சர்க்காருக்கும் அதிகாரமில்லை. ஊரில் அவளுக்கு வேலையும் இல்லை.

அவள் பாலம் ஏறி மாங்குடிக்கு நடவுக்குப் போகத் தொடங்கினாள். அங்கே காத்தாயி ஆள் சேர்த்தாள், அல்லி அவளுக்குப் பின்னால் குனிந்தாள். பிறந்த ஊரில் அவளை எல்லாரும் அல்லி என்று கூப்பிட்டார்கள். சாயங்காலம் ஆனதும் எல்லாருக்கும் முன்னால் கரையேறிவிடுவாள். வீட்டில், திருநள்ளாற்றிலிருந்து வந்திருந்த அமிர்தத்தின் குழந்தை நடக்கப் பழகிக்கொண்டிருந்தது.

அந்தப் பருவத்தில் ஒருநாள் கிராம முன்னேற்றத் திட்டத்துக்காக ஒரு புதிய ஆள் குடையும் நோட்டுமாக வரப்பில் வந்து நின்றார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். வரிசையாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்து அல்லியிடம் நின்றார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

அல்லி நிமிர்ந்தாள். பக்கத்தில் காத்தாயியும் நிமிர்ந்தாள்.

"எதுக்குன்னு மொதல்ல சொல்லுங்க தம்பி," என்றாள் அல்லி. "அப்பறம் ஊரச் சொல்றேன்."